சீனித்துளசி இனிப்பி: வயதுவாரியாக உட்கொள்ளளவைக் கணக்கிடுதல்

சீனித்துளசி (ஸ்டீவியா) பராகுவே நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு செடி. இதன் இலைகளிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கப்படும் ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 முதல் 300 மடங்கு இனிப்பானவை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இறுதியில் இவற்றை 'இ 960' என்ற எண்ணுடன் உணவுச் சேர்பொருளாக அனுமதித்தது. செடியிலிருந்து கிடைக்கும் பொருள் என்பதால் மட்டும் அதை அளவின்றி உண்ணலாம் என்று ஆகிவிடாது. யார் எவ்வளவு உட்கொள்கிறார்கள் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லை அளவு

நம் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் இவ்வினிப்பிகளைச் சிதைத்து ஸ்டீவியாலாக மாற்றுகின்றன. எனவே எல்லா அளவுகளும் ஸ்டீவியால் அளவிலேயே கூறப்படுகின்றன. 1 கிராம் ஸ்டீவியோசைடு ஏறத்தாழ 0.4 கிராம் ஸ்டீவியாலுக்குச் சமம்.

எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 388 மில்லிகிராம் வரை தீங்கு காணப்படவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு 10 என மொத்தம் 100 ஆல் வகுத்து, ஏற்கத்தக்க தினசரி அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம் என வகுக்கப்பட்டது. இது வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்ளத்தக்க அளவாகும்.

கணக்கிடும் முறை

ஒவ்வோர் உணவிலும் உண்ட அளவை அதிலுள்ள சேர்பொருளின் செறிவால் பெருக்க வேண்டும். கிடைத்தவற்றைக் கூட்டி உடல் எடையால் வகுத்தால் உட்கொள்ளளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டு: ஐரோப்பாவில் சுவையூட்டிய குளிர்பானத்தில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அந்த உச்ச அளவு கொண்ட 300 மில்லிலிட்டர் பானத்தில் 24 மில்லிகிராம் இருக்கும்.

- 60 கிலோ எடையுள்ள பெரியவர்: 24 ÷ 60 = 0.4 (எல்லையில் பத்தில் ஒரு பங்கு)
- 12 கிலோ எடையுள்ள குழந்தை: 24 ÷ 12 = 2 (எல்லையில் பாதி)

பானம் ஒன்றே, உடல் எடைதான் வேறு. இதனால்தான் மதிப்பீடுகள் கைக்குழந்தை, தளிர்நடைக் குழந்தை (1–2 வயது), சிறுவர், வளரிளம் பருவத்தினர், பெரியவர், முதியோர் எனப் பிரித்துச் செய்யப்படுகின்றன. சராசரி மட்டும் பார்த்தால் போதாது. மிகுதியாக உண்பவர்களின் அளவையும் (95 ஆவது சதமானம்) தனியே பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய மதிப்பீடுகள்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2010 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், முன்மொழியப்பட்ட உச்ச அளவுகளில் பெரியவர், சிறுவர் இரு பிரிவினருமே எல்லையைத் தாண்டக்கூடும் எனத் தெரிந்தது. பின்னர் பல உணவுகளுக்கான அளவுகள் குறைக்கப்பட்டன. 2014 மதிப்பீட்டில் எல்லா வயதினரும் எல்லைக்குள் இருந்தனர். ஒரு விலக்கு மட்டும் உண்டு. நெதர்லாந்தில் மிகுதியாக உட்கொள்ளும் தளிர்நடைக் குழந்தைகளுக்கு அளவு 4.3 ஆக இருந்தது. அனுமதிக்கப்பட்ட உணவுகளில் எல்லாம் உச்ச அளவே சேர்க்கப்பட்டுள்ளது எனக் கொண்ட கணக்கு இது. ஆகவே உண்மை அளவு இதைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு.