திரும்பி வந்த கை, திரும்பாத கணக்கு

நரம்பின் வழியே – 9

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியால் வீடு திரும்பிய ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இப்ப கை கால் வழங்குதா?" என்றுதான். வழங்குது என்று பதில் வந்தால் எல்லோருக்கும் நிம்மதி. கோணிய வாய் நேராகிவிட்டது, தடியில்லாமல் கிணற்றடி வரை போகிறார், தானே சாப்பிடுகிறார். பிறகென்ன, சுகம்தான். பாரிசவாதம் வந்த முதல் நான்கரை மணி நேரத்தின் அவசரத்தைப் போன வாரம் எழுதினேன். அதில் ஒரு பங்காவது பிந்திய மாதங்களுக்கும் வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது. அந்த மாதங்களில் ஒருவர் எதை இழக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

கந்தளாய்ச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் 58 வயது முதலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றத் திட்டத்து விவசாயியோடு சிங்களத்தில் பேசி, பேராற்றிலிருந்து வந்தவரோடு தமிழில் பேசி, இருவரின் சாமான் கணக்கையும் மனதாலேயே கூட்டிச் சொல்லி வந்தவர். யாருடைய கடன் எவ்வளவு என்பதற்குக் கொப்பியைத் திறக்க வேண்டியதே இல்லை. இடது கையும் காலும் இழுத்துப்போட்டு, மூன்று மாதத்தில் ஒருவாறு தேறி, திரும்பவும் கடைக்கு வருகிறார். சீனி நிறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எவ்வளவு நிறுத்தேன் என்பது போய்விடுகிறது. ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சம் கொடுக்கத் தடுமாறுகிறார். பின்னேரமானால் எரிந்து விழுகிறார். வீட்டில், "அறளை பேந்திட்டுது" என்கிறார்கள். இல்லாவிட்டால், "வேணுமெண்டு செய்யிறார்" என்கிறார்கள். கொஞ்ச நாளில் கல்லாவில் மகன் உட்கார்ந்துவிடுகிறார். இவர் நான் கற்பித்துச் சொன்னவர்தான். ஆனால் இவரை அடையாளம் தெரியாத வாசகர் குறைவாகவே இருப்பார்.

வீட்டாரைக் குழப்புவது இன்னொன்று. அதே மனிதரிடம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டதைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, யார் கூரையில் ஏறினார்கள், யாரைப் பிறகு காணவில்லை என்று ஒன்று விடாமல் சொல்லுவார். காலையில் பிரஷர்க் குளிசை போட்டீர்களா என்று கேட்டால் பதில் வராது. "நாப்பது வருசக் கதை ஞாபகம் இருக்கு, காலைக் குளிசை மறந்து போச்சாம்" என்று சந்தேகப்படுவது இயல்புதான். ஆனால் மூளை பழைய நினைவை வைத்திருக்கும் விதமும் புதிய செய்தியைப் பிடித்து வைக்கும் விதமும் வேறு. பாரிசவாதம் பெரும்பாலும் தாக்குவது கவனத்தை, வேகத்தை, திட்டமிடலை, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் திறனை. பழைய ஞாபகம் அதில் பெரும்பாலும் தப்பிவிடும்.

மூளைக்குள் நடப்பதைக் குளத்துத் தண்ணீரில் விவசாயம் செய்யும் ஊருக்குச் சொல்லி விளங்கவைப்பது சுலபம். ஒரு வாய்க்கால் அடைபட்டால் அதன் கடைசி வயல் காய்ந்துவிடும். அதைச் சுற்றிய வயல்கள் அயல் வாய்க்காலின் கசிவில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்தச் சுற்று வயல்களைக் காப்பாற்றத்தான் முதல் மணிகளின் ஓட்டம் எல்லாம். பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். இன்னும் ஒரு பாதிப்பும் உண்டு. அடைபட்ட இடத்துக்கு வெகு தொலைவில், இரத்தம் ஒழுங்காக ஓடும் பகுதிகளும்கூட, தம்மோடு தொடர்பிலிருந்த பகுதி அழிந்த அதிர்ச்சியில் வேலை நிறுத்திவிடும். சூரிச்சில் வாழ்ந்த கொன்ஸ்டான்டின் ஃபொன் மொனாக்கோ இதை 1914இலேயே விரிவாக எழுதிவிட்டார். மடிந்த கலம் திரும்பாது. ஆனால் அதிர்ச்சியில் நின்ற பகுதி மெல்ல விழித்துக்கொள்ளும், அயல் பகுதிகள் புதுத் தொடர்புகளைப் போட்டுக்கொள்ளும். முதல் மூன்று தொடக்கம் ஆறு மாதங்களில் மீட்சி வேகமாகத் தெரிவது இதனால்தான். அதற்குப் பிறகும் நிற்பதில்லை, மெதுவாகிறது.

கவனத்திலும் திட்டமிடலிலும் மறைந்திருக்கும் பாதிப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வட்டம் போட்டு, மணிக்கூட்டின் இலக்கங்களை எழுதி, பதினொன்று பத்துக்கு முட்களை வையுங்கள் என்று சொன்னால் போதும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் பன்னிரண்டு இலக்கங்களையும் வட்டத்தின் வலது பாதிக்குள் நெருக்கி எழுதிவிட்டு, முடிந்தது என்று தாளைத் திருப்பித் தருவார்கள். இடது பாதி வெறுமையாகக் கிடப்பது அவர்கள் கண்ணில் படாது. கண் பார்வை சரியாகவே இருக்கும். கோப்பையின் இடப்பக்கத்துச் சோறு அப்படியே மிஞ்சுவதும், நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிபடுவதும் இதனால்தான். வேறு சிலர் இலக்கங்களைச் சரியாகப் போட்டுவிட்டு, 'பத்து' என்று காதில் விழுந்ததால் ஒரு முள்ளைப் பத்திலேயே வைத்துவிடுவார்கள். மனதில் தோன்றும் முதல் பதிலைத் தடுத்து நிறுத்தி, யோசித்துச் செய்யும் திறன் குறைந்திருக்கிறது.

கனடாவின் மொன்றியலில் சியாத் நஸ்ரெடின் குழுவினர் 2005இல் வெளியிட்ட முப்பது புள்ளிப் பரிசோதனையில் இந்த மணிக்கூடும் அடக்கம். சுமார் பத்து நிமிடம் பிடிக்கும். சிங்களத்திலும் தமிழிலும் அதற்கு வடிவங்கள் உண்டு. கிளினிக்கில் பிரஷர் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் இதற்கு ஒரு மேசையும் ஒரு தாதியும் போதும்.

பாதிப்பு எவ்வளவு பேருக்கு? ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா பெண்டில்பரியும் பீட்டர் ரொத்வெல்லும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படை. முதல் பாரிசவாதத்துக்குப் பிறகு சுமார் பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதிநோய் வருகிறது. இரண்டாவது முறை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், இரண்டாவது தடவை வராமல் தடுப்பதே மூளையைக் காப்பதில் பாதி வேலை என்று உடனே புரிந்துகொள்வார். மறதிநோய் என்ற அளவுக்குப் போகாத, நம் கடை முதலாளிக்கு வந்தது போன்ற குறைகள் இவற்றுக்கு மேல். அமெரிக்காவின் டெபோரா லெவின் குழுவினர் 2015இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பாரிசவாதம் வந்த உடனே ஒரு சரிவு; அதோடு, பின்வந்த ஆண்டுகளிலும் அறிவாற்றல் முன்னைவிட வேகமாகக் குறைந்துகொண்டே போனது. ஆறு மாதத்தில் கிளினிக் கொப்பியில் 'நன்று' என்று எழுதி அனுப்பப்படுகிறவரைப் பற்றிய செய்தி இது.

நம் பக்கத்து மனிதர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடன் எடின்பரோவின் தோமஸ் பாக் முதலானோரும் பாரிசவாதம் வந்த 608 பேரின் பதிவுகளைப் பார்த்து 2016இல் எழுதினார்கள். இரண்டு மொழிகளில் புழங்கியவர்களில் 40.5 சதவீதத்தினருக்கு அறிவாற்றல் குறையாமல் இருந்தது. ஒரே மொழி பேசியவர்களில் அது 19.6 சதவீதம். வயதையும் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. பேச்சிழப்பு மட்டும் இருசாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. மொழி கூடுதலாகத் தெரிந்தால் பேச்சு கூடுதலாகத் தப்பும் என்பதல்ல விஷயம். ஆளுக்கேற்ப மொழி மாற்றி மாற்றிப் பேசி வந்த மூளை கவனத்திலும் தடுத்து யோசிப்பதிலும் ஆயுள் முழுதும் பழகியிருக்கிறது, அந்தப் பழக்கம் அடிபட்ட பிறகு கைகொடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுகளை மட்டும் வைத்து இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. பிற நாட்டு ஆய்வுகள் எல்லாம் ஒரே பதிலைத் தரவும் இல்லை. ஆனாலும் தமிழும் சிங்களமும் ஒரே கடை வாசலில் புழங்கும் கந்தளாயில் இதைப் படிக்கிறவருக்கு, இங்கே இந்த ஆய்வு ஏன் நடக்கக் கூடாது என்று தோன்றாமல் இருக்காது.

இதே ஊருக்கு இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரு மொழி பேசியவருக்குப் பேச்சிழப்பு வரும்போது இரண்டும் ஒரே அளவில் திரும்ப வேண்டும் என்றில்லை. சிறுவயதில் கற்றதே முதலில் மீளும் என்று பிரான்சின் உளவியலாளர் ரிபோ 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். அதிகம் புழங்கியதே மீளும் என்று 1895இல் அந்நாட்டு வைத்தியர் பீத்ர் மறுத்தார். இரண்டு விதமான நோயாளிகளையும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே தமிழ் மீண்டு சிங்களம் மீளாத ஒருவரைச் சிங்களத்தில் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, மனம் போய்விட்டது என்று எழுதினால் அது பெரிய அநியாயம். சிங்களம் மட்டும் மீண்டவரைத் தமிழில் சோதித்தாலும் அதே அநியாயம்தான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் எழுதியது. அந்த உரிமை கந்தோர்ப் படிவத்தோடு நின்றுவிடாமல், மணிக்கூடு வரையச் சொல்லும் அந்தப் பத்து நிமிடத்துக்கும் வரவேண்டும்.

மறதி போலத் தோன்றி வேறொன்றாக இருப்பது மனச்சோர்வு. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பார், கேட்டதற்கு "தெரியாது" என்பார். இதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. சோர்வு விலகினால் ஞாபகமும் ஓரளவு திரும்பும். அறளை என்று சொல்லி ஒதுக்கிவிட்ட வீட்டில் அது நடக்காது.

மீட்புக்கு என்ன இருக்கிறது? ஃபின்லாந்தில் தெப்போ சர்கமோ குழுவினர் 2008இல் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு மாதம் தினமும் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டவர்களுக்குச் சொல் ஞாபகமும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாக மீண்டன. சிறிய ஆய்வு, ஆனால் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமா என்று இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் இருந்தவர்களும் பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாதவற்றிலும் ஒரே 47 சதவீதம். இதை நான் குடும்பங்களின் பக்கம் நின்றே படிக்கிறேன். மனைவியும் மகளும் அன்பால் செய்யும் வேலை பயிற்சி பெற்ற இயன்மருத்துவருக்கும் பேச்சு வைத்தியருக்கும் ஈடாகாது. அந்தப் பதவிகளை ஊர் ஆஸ்பத்திரிகளில் நிரப்பாமல், அந்த வேலையை வீட்டார் தலையில் கட்டித் தப்பிக்க முடியாது.

உறுதியாகப் பலன் தருவது பிரஷரைக் கட்டுப்படுத்துவது. ஏற்கனவே பாரிசவாதமோ அதன் தற்காலிக வடிவமோ வந்த 6,105 பேரை வைத்து நடந்த ஆய்வில், பிரஷர் மருந்து பெற்றவர்களுக்கு மறுபடி வருவது 28 சதவீதம் குறைந்தது. அறிவாற்றல் சரிவும் 19 சதவீதம் குறைந்தது என்று 2003இல் அதே ஆய்வு காட்டியது. இலங்கையிலேயே 700 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 சதவீதத்தினரின் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். காலைக் குளிசை போட்டதா என்று நினைவில்லாத மனிதருக்கு மூன்றுக்குப் பதில் ஒன்று என்பது சாதாரண உதவி அல்ல.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு முன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: முன்பு செய்த எந்த வேலையில் இப்போது தடுமாறுகிறார், எந்த நேரத்தில், எந்த மொழியில் நன்றாகப் பேசுகிறார். "கை கால் வழங்குதா?" என்று கேட்டு முடித்ததும் அந்தப் பக்கத்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்த வாரம்: பேச்சு போன பிறகும் பாட்டு வருவது எப்படி?