உயிர் வராத கம்ப்யூட்டர்

மைசூர்ப் பக்கத்து மின்சாரம் என்றதும் எனக்குச் சிவசமுத்திரம்தான் நினைவுக்கு வரும். 1902-ல் அங்கே காவிரி நீரில் உற்பத்தியான மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல; நம் தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்கு. அன்று அது விநாடிக்கு 25 சைக்கிள். இன்று நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். அதை வாங்கி 12, 5, 3.3 வோல்ட் டி.சி. மின்சாரமாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குப் படியளக்கும் தகரப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். இந்தக் கட்டுரையின் கதாநாயகனும் வில்லனும் அதுவே.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் தெருவில் இருக்கும் சேலத்து அம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, கம்ப்யூட்டருக்கு மூணு நாளா உயிரே வரலை. மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு கடையில சொல்றாங்க. உள்ளே இருக்கிறதுக்கு உத்தரவாதம் இல்லையாம். அவர் குரல் அதுலதான் அண்ணா இருக்கு."

கணவர் காலமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. பேரனுக்காக அவர் சொல்லிப் பதிவு செய்த கதைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்பதால் அதில் இருப்பவை அழிந்துவிட்டன என்று பொருளல்ல. ஹார்ட் டிஸ்க் பழுதாகாத வரையில், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் படிக்கலாம். இதை அவரிடம் சொன்ன பிறகே அவர் முகத்தில் ரத்தம் ஓடியது.

ரயில்வேயில் இருந்த நாளில் நாங்கள் படித்த பாடம் ஒன்று உண்டு. பெட்டிகளில் விளக்கு எரியவில்லை என்றால் எல்லாவற்றையும் பிரித்துப் போடமாட்டோம். மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவோம். சந்தேகம் வந்தால் இணைப்பைக் கழற்றி, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிப்போம். கம்ப்யூட்டருக்கும் அதே வழிதான்.

முதலில் அதே பிளக் பாயிண்டில் ஒரு மேஜை விளக்கைச் செருகினேன், எரிந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு, வேறு ஒயர் போட்டு நேராகச் சுவரில் கொடுத்தேன். கம்ப்யூட்டரின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கென்று இருக்கும் சிறிய ஸ்விட்சையும் பார்த்தேன். வீட்டைப் பெருக்கும்போது அது அணைந்துபோய், கடை வரை போய்த் திரும்பியவர்கள் பலர். இங்கே அது போட்டுத்தான் இருந்தது. பட்டனை அழுத்தினேன், விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை.

அடுத்து நான் செய்தது பிசகு. போர்டில் இருக்கும் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியைச் சந்தேகித்து அரை மணி நேரம் வீணாக்கினேன். பெரும்பாலும் அது தீர்ந்தால் தேதியும் நேரமும்தான் மறந்துபோகும், கம்ப்யூட்டர் ஊமையாகாது. வரிசையை மீறியதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், பிளக் போட்டிருந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா ஒயரில் 5 வோல்ட் காத்திருக்க வேண்டும். நாம் அழுத்தும் பட்டனுக்குக் காது கொடுப்பது அந்த 5 வோல்ட்தான். அது 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருப்பது நியாயம். கறுப்பு ஒயரை ஆதாரமாக வைத்துப் பார்த்தேன், 3.1 என்றது மீட்டர்.

அதை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. போர்டில் ஷார்ட் இருந்தாலும் வோல்ட்டைக் கீழே இழுக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, போர்டுக்குப் போகும் 24 முள் இணைப்பைக் கழற்றினேன். மீண்டும் பிளக்கைப் போட்டு அளந்தேன். அப்போதும் 3.1 தான். போர்டு பாவம், நிரபராதி! கடைக்காரர் இந்த ஒரு இணைப்பைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த அம்மாள் மூன்று நாள் அழுதிருக்க வேண்டியதில்லை.

நண்பரிடம் கடன் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டினோம். பட்டனை அழுத்தச் சொன்னேன். ஃபேன் சுழன்றது. சற்று நேரத்தில் கூடத்தில் கதை கேட்டது. அடுப்படிக்குப் போன அம்மாள் காப்பியோடு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

இரண்டு எச்சரிக்கைகள். உள்ளே கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்; கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் ஒயர் மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்தவரைக் கூப்பிடுவது நல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை மட்டும் யாரும் திறக்கவேண்டாம். அதிலுள்ள கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளை அடிக்கலாம். அதைப் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே புத்திசாலித்தனம்.

மறுநாளே பேரனை உட்கார வைத்து, கதைகளை எல்லாம் இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி எடுக்கச் சொன்னேன். ஒன்று அவர்கள் வீட்டில். மற்றொன்று சேலத்தில், மாமா வீட்டில். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரல் ஒரே பெட்டிக்குள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.