நானூறு கந்தாங் நெல்லும் ஒரு லட்சம் பவுனும்

விடுமுறைக்கு மஸ்ஜித் தானாவுக்கு வந்திருந்தேன். மூன்றாம் படிவம் படிக்கும் தங்கை வரலாற்றுப் புத்தகத்தை நீட்டினாள். "அண்ணா, டோல் சைட் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரரா?" "ஆமாம், தாபோ நானிங். நம்ம அலோர் காஜா மாவட்டம்தான்." அடுத்த கேள்விதான் என்னைத் திணற வைத்தது. "அவரை எதிர்த்துச் சண்டை போட்ட சிப்பாய்கள் யாரு?"

மாணவ நண்பர்களே, விடையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம்.

1803-இல் அமெரிக்கா, லூசியானா நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடியினரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1830-இல் கிழக்கே இருந்த பூர்வகுடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பவும் சட்டம் இயற்றினார்கள்.

அதே காலத்தில் நம் ஊரில் என்ன நடந்தது? 1824-இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மலாக்கா ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரருக்கு. நானிங் மக்களையும் யாரும் கேட்கவில்லை.

டச்சுக்காரர் காலத்தில் நானிங் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை அடையாளத் திறையாகக் கொடுத்து வந்தது. ஆங்கிலேயரோ, "நானிங் மலாக்காவின் ஒரு பகுதி, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டும்" என்றார்கள். பெங்ஹுலு டோல் சைட் மறுத்தார். 1831-இல் சென்ற சிறுபடை தோற்றுத் திரும்பியது. 1832-இல் பெரும்படை காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே முன்னேறியது. ரெம்பாவும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தது. ஜூன் மாதம் தாபோ வீழ்ந்தது. போர்ச் செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் என்கிறார்கள். சில வண்டி நெல்லுக்காக ஒரு லட்சம் பவுன்! 1834-இல் சரணடைந்த டோல் சைட்டுக்குக் கம்பெனி மாதம் 100 ரூபாய் உதவித்தொகை கொடுத்து மலாக்காவில் வாழ வைத்தது.

அது ஏன் ரூபாய்? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி இந்தியாவிலிருந்து நடந்தது. நானிங்கிற்குப் போன சிப்பாய்களும் மதராஸ் படையைச் சேர்ந்தவர்கள். அப்படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தார்கள். அப்போரைப் பற்றி எழுதிய பெக்பி என்ற அதிகாரியின் புத்தகமும் 1834-இல் சென்னை வேப்பேரியில்தான் அச்சானது.

தேர்வில் டோல் சைட்டின் வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். எதிரில் துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர்கள் சம்பளத்துக்காகக் கடல் கடந்தவர்கள். பல ஆண்டுகள் கழித்து ரப்பர் வந்தது. அதன் பின்னால் எங்கள் பாட்டனாரும் சம்பளத்துக்காகத்தான் கடல் கடந்தார். இதில் வெட்கப்படவோ பெருமைப்படவோ ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வரலாற்றில் ஒரு நிலம் கைமாறியதாகப் படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கையெழுத்துப் போட்டது யார்? கேட்கப்படாதவர் யார்? யாரை வைத்து அதைச் செய்து முடித்தார்கள்?

தங்கைக்கு விடையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இது புத்தகத்துல இல்லையே, அண்ணா" என்றாள். தாபோ நானிங்கில் டோல் சைட்டின் சமாதி இருக்கிறது. அடுத்த விடுமுறையில் இருவரும் போவதாக இருக்கிறோம்.