தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் ஆமை

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று பாட்டி அடிக்கடி சொல்வார். நம் கடற்கரைகளில் நடந்திருப்பதோ அதற்கு நேர்மாறானது. ஆமையின் வீட்டுக்குள் நாம்தான் புகுந்தோம்.

கடந்த பள்ளி விடுமுறையில் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு பந்தாய் கெராச்சுட் போயிருந்தேன். பாயான் பாருவிலிருந்து பாலேக் புலாவ் வழியாக மலைச் சாலையில் தெலுக் பஹாங். அங்கிருந்து பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் சுமார் ஒன்றரை மணி நேரக் காட்டு நடை. நடக்க முடியாதவர்களுக்குப் படகு உண்டு. இந்தக் கடற்கரையில்தான் மீன்வளத் துறையின் கடலாமைப் பாதுகாப்பு மையம் 1995 முதல் இயங்குகிறது.

தொட்டியில் உள்ளங்கை அளவுக்குக் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. "சித்தி, இது ஆணா பெண்ணா?" என்று கேட்டாள் ஒன்பது வயதுக்காரி. எனக்குத் தெரியவில்லை. குஞ்சை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதை முடிவு செய்வது தாயும் அல்ல, தந்தையும் அல்ல. மணல்.

மணலின் சூடு

மலாய்க்காரர்கள் கடலாமையை 'பென்யு' என்றும், மற்ற ஆமையை 'கூரா-கூரா' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். கெராச்சுட்டுக்கு வருபவை பெரும்பாலும் பச்சை ஆமைகள். தமிழக மீனவர்கள் இதைப் பேராமை என்பார்கள். பங்குனி ஆமையும் எப்போதாவது வரும். இரவில் கரையேறி, பின்னங்கால்களால் குழி தோண்டி, ஒரே தடவையில் சுமார் நூறு முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுத் தாய் கடலுக்குத் திரும்பிவிடும். அடை காக்காது. மணலின் சூடுதான் அடைகாக்கிறது.

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். மணல் 29 பாகை செல்சியசைச் சுற்றி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடானால் பெண் கூடும். குளிர்ந்தால் ஆண் கூடும். ஓரிரு பாகை ஏறினாலே கணக்கு மாறிவிடும்.

ரந்தாவ் அபாங் கற்பித்த பாடம்

இந்தக் கணக்கு தெரியாமல் போனதற்கு நம் நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற இடம். ஆமைகளிலேயே மிகப் பெரிய பெலிம்பிங் ஆமை அங்கே முட்டையிட வந்தது. முதுகில் பெலிம்பிங் பழம்போல நீளமான வரிகள் இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் ஏழுவரி ஆமை. 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் அங்கே இருந்தன. இன்று ஒரு பெலிம்பிங் வந்தாலே அது செய்தி.

முட்டைகளை ஆண்டுக்கணக்கில் அள்ளி விற்றோம். நடுக்கடல் வலைகளில் பெரிய ஆமைகள் சிக்கி இறந்தன. விழித்துக்கொண்டு, மிச்சமிருந்த முட்டைகளை வேலியிட்ட மணலில் புதைத்துப் பாதுகாத்தபோது இன்னொரு தவறு நேர்ந்தது. அந்த மணல் சூடு அதிகம். பிறந்த குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே பெண் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். மணமகன் இல்லாத ஊராகிவிட்டது அந்தக் கடல். நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, விவரமும் வேண்டும் என்பதே ரந்தாவ் அபாங் சொல்லும் பாடம். நிழல் தருவதும் சூட்டை அளப்பதும் ஆமைப் பாதுகாப்பில் இன்று முக்கியமான வேலை.

நான் சாப்பிட்ட முட்டை

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா எங்களைத் திரங்கானுவுக்கு அழைத்துப் போனார். சந்தையில் பிங்பாங் பந்துபோல வெள்ளை வெள்ளையாக ஆமை முட்டைகள் குவிந்திருந்தன. அப்பா பத்து வாங்கினார். எவ்வளவு அவித்தாலும் வெள்ளைக் கரு இறுகாது என்பது வேடிக்கையாக இருந்தது. நானும் ஒன்று சாப்பிட்டேன். அன்று அது குற்றமாகவும் தெரியவில்லை, பாவமாகவும் தெரியவில்லை.

பச்சை ஆமை தாயாவதற்கு 25 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். அதன்பிறகு, பூமியின் காந்தப் புலத்தை வழிகாட்டியாகக் கொண்டு, தான் பிறந்த கடற்கரைப் பகுதிக்கே முட்டையிட வருகிறது. நம் வீட்டுப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுபோல. நான் சாப்பிட்ட முட்டை பொரிந்து, பெண்ணாகி, பிழைத்திருந்தால் இந்த ஆண்டுகளில்தான் தாய்வீடு வந்திருக்கும். ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். அந்த ஒன்று எந்த முட்டையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கெராச்சுட் மையம் தொடங்கிய 1995இல் கடலுக்குப் போன குஞ்சுகளுக்கும் இப்போதுதான் அந்த வயது. ஆமையைக் காப்பவர்கள் தங்கள் உழைப்பின் பலனைப் பார்க்க முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

மலேசிய அரசியலமைப்பின்படி ஆமை மாநில அரசின் பொறுப்பு. அதனால் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வந்தது. திரங்கானு 1980களின் இறுதியில் பெலிம்பிங் முட்டை விற்பனையைத் தடை செய்தது. எல்லா ஆமை முட்டைகளுக்கும் தடை வந்தது 2022 ஜூன் மாதத்தில்தான். சட்டம் எப்படி இருந்தாலும், முட்டையை வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்தது வெளிச்சம். பொரிந்த குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடும். முன்பெல்லாம் அது கடல். இன்று ஹோட்டல் விளக்காகவும் இருக்கலாம். கடற்கரையில் இரவு தங்கினால் டார்ச்சையும் கேமரா ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். நெகிழிப் பையைக் கரையில் விட்டு வராதீர்கள். கடலில் மிதக்கும் பையை ஆமை ஜெல்லி மீன் என்று விழுங்கிவிடும்.

வலை இன்னும் பெரிய பிரச்சினை. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. வலைக்குள் மாட்டினால் மூச்சு முட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை வலைகளே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்த முடியும். அதே சென்னையில்தான் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை அது.

திரும்பும் வழியில், இன்று கடலுக்குப் போகும் குஞ்சு முப்பது வருடம் கழித்துத்தான் முட்டையிட வரும் என்று அக்காள் மகளிடம் சொன்னேன். விரல்விட்டு எண்ணினாள்.

"அப்போ எனக்கு உங்களைவிட வயசு கூட இருக்கும் சித்தி. நான் வந்து பார்க்கிறேன்."

அவள் வரும்போது அதுவும் வரவேண்டும்.