எம்.எஸ்சி. இயற்பியல் நுழைவுத் தேர்வு: எந்தப் புத்தகத்தை வாங்குவது?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் நான் இயற்பியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ஜாம் தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் சார்?" என்பதுதான். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். ஜாம் வினாத்தாளோ ஆங்கிலத்தில் மட்டுமே வரும். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் மனதில் கொள்ள வேண்டும்.

ஐ.ஐ.டி.க்கள் 2004 முதல் நடத்தும் இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.யிலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த ஆராய்ச்சிப் படிப்பிலும் சேரலாம். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இவற்றில் 20 வினாக்களுக்கு விடைத் தெரிவுகளே கிடையாது. கணக்கிட்டு எண்ணைத் தர வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திண்ம உருளையின் நிலைமத் திருப்புத்திறன் எம்.ஆர். வர்க்கத்தில் பாதி என்று கல்லூரி நோட்டில் இருக்கும். தேர்விலோ, 30 டிகிரி சரிவில் அந்த உருளை வழுக்காமல் உருண்டால் முடுக்கம் என்ன என்று கேட்பார்கள். விடை, புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிறுவலை மட்டும் படித்தவர் இங்கே திணறுவார். பத்துக் கணக்கு போட்டவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பார். ஆகவே, அத்தியாய முடிவில் நிறையக் கணக்குகள் உள்ள புத்தகமே நமக்குத் தேவை.

பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள். பகுதிக்கு ஒரு புத்தகம் போதும்.

அடித்தளம்: எச்.சி. வர்மாவின் இரண்டு பாகங்கள். பிளஸ் டூ பாடம் உறுதியாக இல்லாதவர்கள் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.
கணித முறைகள்: மேரி போவாஸ்.
இயந்திரவியல்: கிளெப்னர், கொலென்கவ். சற்றுக் கடினம், வர்மாவுக்குப் பிறகு எடுக்கவும்.
அலைகள், ஒளியியல்: அஜய் கட்டக்.
மின்காந்தவியல்: கிரிஃபித்ஸ். முதல் ஏழு அத்தியாயங்களை ஊன்றிப் படித்துவிட்டு, மின்காந்த அலைகளுக்குப் போகலாம்.
வெப்ப இயக்கவியல்: ஜெமான்ஸ்கி.
நவீன இயற்பியல்: ஆர்தர் பைசர்.
திடநிலை, மின்னணுவியல்: கல்லூரிப் புத்தகமே போதும், பழைய வினாத்தாள்களோடு ஒப்பிட்டுப் படிக்கவும்.

இவை அனைத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஜாம் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்களை இறக்கிக் கொள்ளுங்கள். ஒரு பகுதியிலிருந்து பத்து வினாக்களை எடுத்து, கல்லூரி நூலகப் புத்தகத்தின் அதே அத்தியாயத்தைப் பிள்ளை படிக்கட்டும். பிறகு ஐந்தாறு வினாக்களையாவது தானே போட முடிந்தால் அந்தப் புத்தகம் போதும். முடியாவிட்டால் மட்டும் புதியது வாங்குங்கள். வினாவும் விடையும் மட்டும் உள்ள தடித்த கைடுகளைக் கடைசி மாதத்திற்கு வைத்துக் கொள்ளலாம்; அவற்றைக் கொண்டு பாடம் கற்க இயலாது.

தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு ஒரு யோசனை. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசம். இரண்டிலும் பாட வரிசை ஒன்றே. அருகருகே வைத்து உந்தம், முறுக்குவிசை, மின்தூண்டல் முதலிய சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அதன்பின் கிரிஃபித்ஸ் அவ்வளவு அச்சுறுத்தாது.

ஃபைன்மன் விரிவுரைகள் மூன்று தொகுதிகளையும் இணையத்திலேயே காசில்லாமல் படிக்கலாம். என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேர்வு பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கினால் நிதானமாகப் படிக்கலாம். அலமாரியில் எத்தனை புத்தகம் என்று எண்ணாதீர்கள். இந்த வாரம் எத்தனை கணக்கு போட்டாய் என்று கேளுங்கள். எல்லைப்புறக் கிராமத்துப் பிள்ளைகளும் அந்த வகுப்பறைகளில் உட்கார வேண்டும் என்பதே என் ஆசை.