பச்சோந்தி ஏன் சாப்பிட மாட்டேங்குது?



நம்ம ஒரகடத்தில் ரோடு போடவும் கம்பெனி கட்டவும் ஜே.சி.பி. வைத்துப் புதரை அள்ளும்போது, அதில் இருந்த பச்சோந்தி ரோட்டுக்கு வந்துவிடும். ஓணான் மாதிரி ஓடத் தெரியாது. ஆடி ஆடித்தான் நடக்கும். லாரியில் மாட்டக்கூடாதே என்று சிலர் வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். ஆனால் எதைக் கொடுத்தாலும் வாயே திறக்காது. அது பிடிவாதம் இல்லை. நான்கு காரணங்கள் இருக்கு.

1. பயம்: பத்துப் பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தால் அதற்கு நாம் பருந்து மாதிரி. கிளை வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விடணும். அதன் விரல்கள் கிளையைப் பிடிக்கவே அமைந்தவை. அட்டைப் பெட்டியில் பிடிக்க ஒன்றும் இல்லை.

2. குளிர்: நம் உடம்பு தானே சூடு உண்டாக்கும். அதற்கு வெயில் வேண்டும். உடம்பு சூடாகாமல் சாப்பாடு செரிக்காது. காலை வெயில் படணும், பக்கத்திலேயே நிழலும் இருக்கணும். மூடிய பாட்டிலில் போட்டு வெயிலில் வைத்தால் செத்துவிடும்.

3. தாகம்: கிண்ணத்துத் தண்ணீரை அது கண்டுகொள்ளாது. இலைமேல் நிற்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். கண் குழி விழுந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது என்று அர்த்தம். பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, இலைமேல் சொட்டுச் சொட்டாக விழ விடுங்க. முதலில் தண்ணீர், அப்புறம்தான் சாப்பாடு.

4. தப்பான சாப்பாடு: சோறு, பால், பிஸ்கட் அதற்கு ஆகாது. கண் இரண்டையும் தனித்தனியாகச் சுழற்றி, நகரும் பூச்சியைத் தேடும். கண்டதும் உடம்பைவிட நீளமான நாக்கை வீசிப் பிடிக்கும். சின்ன வெட்டுக்கிளி போதும். மருந்து அடித்த கரப்பான் வேண்டவே வேண்டாம்.

வாயைப் பிளந்து ஊட்டாதீங்க. தாடையில் அடிபடும், பால் மூச்சுக்குழாயில் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு பச்சோந்தியை ஷூ டப்பாவில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போச்சு. பசியால் செத்தது என்றார்கள். பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

முக்கியமான விஷயம்: இதெல்லாம் ஒரு நாள் முதலுதவி மட்டும்தான். இந்தியாவில் இருக்கும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்று. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. காயம் இல்லையென்றால், கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ரோட்டைத் தாண்டிய புதரில் விட்டுவிடுங்க. காயம் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி வனத்துறைக்குத் தெரிவிக்கணும்.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அதனால் யாரும் கல்லால் அடிக்காதீங்க. கிளையில் ஏறி அது முதல் பூச்சியைப் பிடிக்கும்போது நாம் பக்கத்தில் இல்லாமல் இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய உதவி.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி