யார் பணத்தில் நட்டஈடு?

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் நின்றால் கொழும்பின் எல்லா மனிதரையும் பார்க்கலாம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, பொட்டு வைத்த பெண்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையின்போது அங்கே குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று சொகுசு விடுதிகள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற வெளிநாட்டுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவையின் கைக்கு வந்திருந்தது. பதினேழு நாட்கள் இருந்தும் அந்தோனியார் கோயில் வாசலில் யாரும் ஒரு பையைக்கூடச் சோதிக்கவில்லை.

அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் 12 மனுக்கள் தாக்கலாகின. பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா கட்ட வேண்டும். பொலிஸ்மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலைக்கு ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. அரசின் பங்கு 10 இலட்சம். ஐந்து பேரும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே கட்ட வேண்டும் என்பதையும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பில் என் மனதில் நிற்பது கோடிகளைவிட, ‘சொந்தப் பணம்’ என்ற அந்த நிபந்தனைதான்.

அதன் எடை தெரிய வேண்டுமானால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும். 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பின்போது, மதகுருமார் அமைப்பான ‘பவிதி ஹண்ட’வின் துண்டுப்பிரசுரங்களை உடுகம்பொல என்ற பொலிஸ் அதிகாரி கைப்பற்றினார். அது உரிமை மீறல் என்று 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, பத்தாயிரம் ரூபா நட்டஈடும் வழக்குச் செலவும் விதித்தது. அடுத்து என்ன நடந்தது? அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நட்டஈட்டையும் செலவையும் அரச பணத்திலிருந்தே கட்டிவிட்டார்கள். அதே வருடம் இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்ட வழக்கில் அரசு 2,500 ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கின் அதிகாரிக்கும் பதவி உயர்வு. தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் பஸ்ஸில் ஆட்கள் வந்திறங்கிக் கூச்சலிட்டார்கள். பதவி உயர்வுக்கும் பணம் கொடுத்ததற்கும் உத்தரவிட்டது தானே என்றும், பொலிஸாரின் மனோபலம் குலையக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்ததாகவும், விசாரிக்க வந்த சர்வதேச நீதியாளர் ஆணைக்குழுவின் பிரதிநிதியிடம் அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன மறைக்காமலே சொன்னார்.

திறைசேரிப் பணம் வானத்திலிருந்து விழுவதல்ல. மா, சீனி, மண்ணெண்ணெய் என்று சனம் வாங்கும் ஒவ்வொன்றிலும் எடுத்த வரி அது. அதிகாரிக்காகத் திறைசேரி கட்டும்போது, அடிபட்டவனும் தன் நட்டஈட்டில் ஒரு பங்கைத் தானே கொடுக்கிறான். அடித்தவனுக்கு ஒரு சதமும் குறைவதில்லை.

ஆனாலும் அரசைப் பணம் கட்டவைக்கும் உரிமை எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. முன்பு அரச ஊழியர் செய்த தீங்குக்கு முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது. அந்த ஊழியர் மேல் மட்டுமே போடலாம். அவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் தாள். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம்தான் அந்தப் பொறுப்பை அரசின் மேல் ஏற்றியது. அதே வருடம் இலண்டன் பிரிவி கவுன்சிலில் இன்னொரு கதவும் திறந்தது. சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அரச ஊழியரும் தன் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காடலாம் என்று அங்கே நிலைநாட்டினார். தமிழர்கள் மறக்கக்கூடாத வழக்கு அது.

முன்னாள் ஜனாதிபதி ஒருவரை நீதிமன்றம் கட்டவைத்ததும் இது முதல் தடவையல்ல. 2008இல் வோட்டர்ஸ் எட்ஜ் காணி வழக்கில் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 30 இலட்சம் ரூபா கட்ட வேண்டியதாயிற்று. பதவி போனபின் விடுபாட்டுரிமையும் போய்விடும் என்ற பாதை அப்படித்தான் விழுந்தது. சிறிசேனவும் அந்தப் பாதையில்தான் வந்தார். தன்னிடம் அவ்வளவு பணம் இல்லை என்றார். முதலில் ஒன்றரைக் கோடி கட்டிவிட்டு, மிச்சத்தை 2033 வரை தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டார். நீதிமன்றம் விடவில்லை. 2024 ஓகஸ்டில் முழுத் தொகையும் கட்டி முடிந்தது.

இதற்கிடையில் காத்திருந்தது யார்? கை, கால், கண் இழந்தவர்கள். பிள்ளைகளைப் புதைத்தவர்கள். சொந்தப் பணம் என்ற நிபந்தனை சரிதான். ஆனால் அந்த ஐவரின் வசதிக்கேற்ற வேகத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நீதி போய்ச் சேர்வது சரியல்ல. தீர்ப்பு வந்த மாதமே திறைசேரி முழுத் தொகையையும் இழப்பீட்டு நிதியத்தில் போட்டுவிட்டு, பிறகு அந்த ஐவரிடமிருந்து வட்டியோடு அறவிட்டிருக்கலாம். மொத்தம் 31 கோடி 10 இலட்சத்தில் அரசின் பங்கு 10 இலட்சம் மட்டும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தகவலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து பேர் மட்டுமா தூங்கினார்கள்? பாதுகாப்புச் சபை தொடக்கம் பொலிஸ் நிலையம் வரை ஓர் அமைப்பே அல்லவா தூங்கியது.

1983 முற்றாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒருவரைச் சித்திரவதை செய்த வழக்கில் தேசபந்து தென்னக்கோன் ஐந்து இலட்சம் ரூபா சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அப்போது அவர் பதில் பொலிஸ்மா அதிபர். 2024 பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ்மா அதிபராக்கினார்கள். அவர் அந்தப் பதவியில் செயற்படாமல் தடுக்க, அதே வருடம் ஜூலையில் உயர் நீதிமன்றமே இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது.

நிலந்த ஜயவர்தன மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படியும் ஏழு நீதியரசர்களின் தீர்ப்பு அரசைப் பணித்திருந்தது. பொலிஸ் ஆணைக்குழு அவரைச் சேவையிலிருந்து நீக்கியது 2025 ஜூலையில்தான். தீர்ப்பு வந்து இரண்டரை வருடம், கொச்சிக்கடையில் குண்டு வெடித்து ஆறு வருடம் கழிந்த பிறகு.